நான்காவது கற்றை

நான்காவது கற்றை விழவில்லை.

மூன்று வாரமாக அந்தச் சீட்டுக் கற்றை ஒரு நாளும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. பெய்-ரோங் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியிலும் முன்னாலும் தடித்த போர்வையை விரித்துக்கொண்டுதான் பழகுவாள். சீட்டில் கையழகு காட்டப் பழகுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். தரையில் விழுந்தால் சீட்டின் முனை மடங்கும், கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், குனிந்து பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு விட்டுப்போகும். போர்வையில் விழுந்தால் பொத்தென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பக்கத்து அறையிலிருந்து அவள் கணவன் ஜுன்-ஹோங் அந்தப் பொத்துகளை எண்ணிக்கொண்டிருப்பான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது டன் பெட்டியை அலுங்காமல் இறக்குகிறவன் வீட்டில் பத்து சீட்டுக்கு இந்தக் கதியா என்று கேலி பேசுவான்.

அன்று பிற்பகல் நான்கு மணி. துறைமுக ஊரான கீலுங்கில் வழக்கம்போல மழை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருக்க, மூலையில் ஈரம் இழுக்கும் பெட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது; அது ஓடாவிட்டால் இந்த ஊரில் சீட்டெல்லாம் அப்பளம்போல் நமத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துவைத்துக் காயாத துணியின் வாடையும் புதுச் சீட்டின் மை வாடையும் அறைக்குள் கலந்து கிடந்தன. அவள் மனம் இரவு என்ன சமைப்பது என்பதில் இருந்தது, கை மட்டும் தன்பாட்டுக்குச் சீட்டை வெட்டிக்கொண்டிருந்தது, காது பொத்துக்காகக் காத்திருந்தது, அது வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கற்றை உள்ளங்கைக்கு ஒரு விரற்கடை மேலே சற்றுச் சாய்ந்து நின்றது. மறுகணம் அவள் மோதிரவிரல் சுற்றி வந்து அதை வாங்கிக்கொண்டது.

வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சந்தோஷத்தில் கத்தப் பார்த்தாள். ஆனால் சோற்றில் கல் கடித்ததுபோல ஒன்று உறுத்தியது. அவள் பழகிய அந்த வெட்டில் சீட்டுக்கட்டு ஐந்து கற்றைகளாகப் பிரியும். நான்காவதைக் காற்றில் விடும் கணத்தில் பத்து விரலுக்கும் வேறு வேலை இருக்கும், பிடிக்க ஒரு விரல்கூட மிச்சமிருக்காது. விழத் தொடங்குவதற்குள் திரும்பி வந்து வாங்க வேண்டும் என்பதுதான் அதன் கஷ்டமே. அவள் விரல் திரும்பி வரத் தாமதமாகியிருந்தது. நன்றாகவே தாமதமாகியிருந்தது. அதுவரை கற்றை நின்றிருந்தது.

மறுபடி செய்தாள். நின்றது. இன்னும் ஒன்பது முறை செய்தாள். ஜுன்-ஹோங் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, இன்னைக்குப் பழகலையா? சத்தமே காணோம்."

"பழகிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

பெய்-ரோங்குக்கு முப்பத்தாறு வயது. கல்யாண விருந்துகளிலும் கடைத் திறப்புகளிலும் மேஜை மேஜையாகப் போய் வித்தை காட்டுகிறவள். கைதான் அவளுக்கு எல்லாம். கையுறை போடாமல் பாத்திரம் தேய்க்க மாட்டாள், மீன் வெட்ட மாட்டாள், யாராவது கைகுலுக்கினால் அழுத்திவிடுவார்களோ என்று பயப்படுவாள். வித்தை அவளுக்கு நன்றாகவே வரும். வித்தைக்கு முன்னால் சீட்டுக்கட்டை விசிறியாக விரித்து, மலராக மடித்து, காற்றில் ஓடவிடும் அலங்காரம்தான் வராது. இப்போது கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கீலுங்கிலிருந்து புறப்படும் ஒரு பயணக் கப்பலில் ஆறு மாதம் மேடை. சனிக்கிழமை காலை தேர்வு. இன்னும் எட்டு நாள் இருந்தது.

அந்த வெட்டு அவளுடையது அல்ல. வெய்-ஹான் என்ற ஆளுடையது. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவன், இந்த ஊர்க்காரன்தான், ஆனால் அவன் முகம் பலருக்குத் தெரியாது. இப்படிக் கையழகு காட்டும் சீட்டுக்காரர்களின் வீடியோவில் முகமே இருக்காது. கை இரண்டும் மட்டும் சட்டத்துக்குள் இருக்கும், மணிக்கட்டுக்குப் பின்னால் எல்லாம் இருட்டு. போன வருடம் அந்த வெட்டைப் பதினோரு விநாடி வீடியோவாகப் போட்டான், அதை இன்னும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. உண்டாக்கியவன் சொல்லித் தராத வெட்டை யாரும் எடுத்துச் செய்வதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. வித்தைக்காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பார்த்ததைப் பிடித்துக்கொள்வதுதான் அவர்கள் பிழைப்பு. பெய்-ரோங் வீடியோவைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, விநாடி விநாடியாகப் பிடித்துக்கொண்டாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது. இடது சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிண்ணத்தைப் பிடித்திருப்பதாகவே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பார்த்தால் பிடிக்கவில்லை. சூடு தெரியவில்லை. உடைந்த துண்டைப் பொறுக்கும்போது விரல் நுனியில் கீறி ரத்தம் வந்ததும் தெரியவில்லை. ஈரத்துணியால் சுற்றியதுபோல ஒரு சில்லிப்பு மட்டும் இருந்தது. சரி, தூக்கத்தில் கை மடங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சீட்டை எடுத்ததும் விரலுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. வெட்டு அப்பழுக்கில்லாமல் வந்தது.

செவ்வாய்க்குள் நான்கு விரல். வியாழனுக்குள் பத்தும். பொத்தான் போட ஜுன்-ஹோங் வேண்டியிருந்தது. தேர்வு பயம் என்று அவனிடம் சொன்னாள், மருத்துவரிடமும் அதையே சொன்னாள். மருத்துவர் ஊசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பில் எந்தக் கோளாறும் தெரியவில்லை, ஓய்வெடுங்கள் என்றார். அவர் எப்போது குத்தி முடித்தார் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைபேசியை நிறுத்தி வைத்துத் தன் கையைத் தானே படம் எடுத்தாள். மெதுவாக ஓடவிட்டாள். கற்றை விரலை விட்டுப் பிரிகிறது. காற்றில் நிற்கிறது. அடிச் சீட்டின் முதுகில் இரண்டு சின்னப் பள்ளங்கள் விழுகின்றன, வட்டமாக, பக்கத்தில் பக்கத்தில். எதிரே உட்கார்ந்திருக்கும் யாரோ இரண்டு விரல் நுனியால் கீழிருந்து தாங்கினால் சீட்டு எப்படிக் குழியுமோ, அப்படி.

ஈரம் இழுக்கும் பெட்டியில் தொட்டி நிரம்பி அது தானாக நின்றது. அறை சட்டென்று அமைதியானது. போய்த் தண்ணீரைக் கொட்ட அவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

லியாங்கின் வித்தைச் சாமான் கடை மீன் சந்தைக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. ஊரில் சீட்டுப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். அன்று மாலையே அவள் போனபோது லியாங் தனியாக உட்கார்ந்து மீன் உருண்டை சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு கிண்ணம் நகர்த்தினார். அவள் தொடவில்லை. வெய்-ஹானைப் பற்றிச் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

லியாங் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அந்த வெட்டைப் புடிச்சிட்டியா, தங்கச்சி?"

அவள் தலையசைத்தாள். அவர் திட்டவில்லை. கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். வெய்-ஹான் கடைசியாக இங்கே வந்த நாளில் இந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தானாம். சீட்டு விழமாட்டேன் என்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். சீட்டுக்காரன் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்தால் அது பீற்றல்தானே. எல்லோரும் கைதட்டி, ஓகோ பெரிய ஆளாயிட்டான்டா என்று ஓட்டியிருக்கிறார்கள். அவன் அழுதிருக்கிறான். அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

"நானும் சிரிச்சேன்" என்றார் லியாங்.

பிறகு ஹுவாலியன் ரயில் நிலையத்தில் ஒருவர் அவனைப் பார்த்திருக்கிறார். மெலிந்து போயிருந்தானாம். கை இரண்டும் சட்டைப் பைக்குள். தேநீர் வாங்கி நீட்டினால் வாங்கவில்லை, குனிந்து வாயால் குடித்தானாம். ஆனால் அவன் கணக்கில் வாரா வாரம் புது வீடியோ வருகிறது. லியாங் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். நேற்றைய தேதி. இரண்டு கைகள், கறுப்புப் பின்னணி, ஐந்து கற்றைகள் தண்ணீர்போல ஓடின. அவள் பார்த்ததிலேயே அழகான வெட்டு அதுதான். மணிக்கட்டுக்குப் பின்னால் இருட்டு.

"கை அவன் கைதான்" என்றார் லியாங். "அதுல சந்தேகமே இல்ல."

விட்டுவிட என்ன வழி என்று கேட்டாள். லியாங் ஒரு வழி சொன்னார். அடுத்தவன் வெட்டைக் கேட்காமல் எடுத்தவன், நாலு பேர் முன்னால் நழுவவிட்டால், அன்றோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று கணக்கு. அதன் பிறகு யாரும் அவனைக் கேட்கக் கூடாது, அவனும் அதைத் தொடக் கூடாது. அவர்களுக்குள் இருக்கும் பழைய வழக்கம் அது.

"நாலு பேர் பாக்க, கீழ போடு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. கப்பலு போனா போவுது."

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவள் சீட்டைத் தொடவில்லை. சில்லிப்பு மணிக்கட்டைத் தாண்டியது. கைகள் மடியில் கிடந்தன, கடையில் வாங்கி வந்து வைத்த இரண்டு சாமான்கள் மாதிரி. பிற்பகலில் பொறுக்க முடியாமல் கட்டை எடுத்தாள். எடுத்த கணமே விரலெல்லாம் வெதுவெதுப்பாகி உயிர் வந்தது, அந்தச் சுகத்துக்கு அவளுக்குக் கண் கலங்கியது. மெதுவாக வெட்டினாள். நான்காவது கற்றை நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்து விநாடி. பத்து. அடிச் சீட்டில் இரண்டு குழிகள். விரலை நீட்டிக் கற்றையைப் பற்றி இழுத்தாள்.

அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது.

மெதுவாகத்தான். விளையாட்டாக. கொடுக்க மனமில்லாதவர் ஒருவர் பிடித்திருப்பதுபோல. அவள் விட்டுவிட்டாள். கற்றை அங்கேயே நின்றது. கொஞ்சம் ஆடியது. பிறகு அவள் கைக்குள் தானாக வந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஜுன்-ஹோங் தன் பழைய ஸ்கூட்டரில் துறைமுக வாசல்வரை கொண்டுவந்து விட்டான். கறுப்புச் சட்டையின் கைப் பொத்தான்களை அவன்தான் போட்டான். இந்தக் கப்பல் இல்லாவிட்டால் இன்னொரு கப்பல், துறைமுகத்தில் கப்பலுக்கா பஞ்சம் என்றான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டாள். அவன் முதுகில் தன் கை படுவது அவளுக்குத் தெரியவில்லை.

கப்பலின் கூடத்தில் கம்பள வாடை, மெழுகு போட்ட மர வாடை, எங்கோ வறுபடும் வெங்காயத்தின் வாடை. உயரமான ஜன்னல்கள் வழியே பகல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. எதிரே சோபாவில் மூன்று பேர். நடுவில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர், ஹோ என்ற நடுவயதுப் பெண்மணி, அவளுக்கு இரு பக்கமும் ஒவ்வொருவர், மூன்று பேர் மடியிலும் குறிப்பேடு. கதவோரம் ஒலிபெருக்கி ஆள் ஒருவர் நின்றார். நாலு பேர். போதும். அவள் உட்கார்ந்த நாற்காலிக்கு முன்னால் கறுப்புத் துணி விரித்த சின்ன மேஜை. கீழே மெத்தென்ற போர்வை கிடையாது, மரத் தரைதான். விழுந்தால் எல்லோருக்கும் கேட்கும்.

கட்டை எடுத்தாள். கை விழித்துக்கொண்டது.

வணக்கம் சொன்னாள். விசிறி விரித்தாள், மடக்கினாள். ஹோ அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். வெட்டு தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. கப்பலின் அடியில் எங்கோ ஓர் இயந்திரம் முனகியது. நான்காவது கற்றையைக் காற்றில் விட்டாள்.

நின்றது.

இப்போது. கீழே போடு. கப்பல் வேண்டாம். கை போதும்.

பத்து விரலையும் அகல விரித்தாள். எல்லாக் கற்றையையும் விட்டாள். ஐந்தும் விழ வேண்டும். மரத் தரையில் படபடவென்று ஐம்பத்திரண்டு சீட்டும் சிதற வேண்டும்.

சத்தம் இல்லை.

ஐந்து கற்றையும் நின்றன. ஒன்றை ஒன்று சுற்றி வந்தன. மெதுவாக. சோபாவில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

அவள் பின்வாங்கினாள். தோளை இழுத்தாள், முழங்கையை இழுத்தாள், இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே, மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். நாற்காலியின் முதுகு அவள் முதுகில் இடித்தது. மேலே சீட்டுகள் ஓடும் சத்தம். சர். சர். சர்.

பயத்தில், ஒரு கையால் இன்னொரு கையைப் பற்றிக்கொள்ளப் போனாள்.

பற்றவில்லை.

மறுபடி. சட்டைக் கை சட்டைக் கையில் உரசியது. துணி. இன்னும் அழுத்தினாள். துணி மட்டும். வலி இல்லை. ரத்தம் இல்லை. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் சட்டைக் கை மடிந்து தொங்கியது.

நிமிர்ந்து பார்த்தாள்.

மேஜையின் மேல் அவள் கைகள் இருந்தன. முப்பத்தாறு வருடம் பார்த்த கைகள், மறக்க முடியாது. மணிக்கட்டோடு முடிந்திருந்தன. பகல் வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்கு மேல் வெளுப்பாக, நிதானமாக, ஐந்து கற்றைகளையும் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கின. கட்டை ஓரம் தட்டிச் சீராக்கின. மேஜை நடுவில் வைத்தன. பிறகு விரல்களைக் கோத்துக்கொண்டு காத்திருந்தன.

நான்கு பேரும் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி ஆள் விசிலே அடித்தார்.

"கறுப்புச் சட்டையா அது, அடேயப்பா, கையைத் தவிர ஒண்ணுமே தெரியல" என்றாள் ஹோ அம்மா. எழுதுகோலை மூடிக் குறிப்பேட்டின் மேல் வைத்தாள். "முடிவு பண்ணியாச்சு. எங்களுக்காக இன்னொரு தடவை காட்டுங்களேன்."

வேண்டாம் என்று சொல்ல பெய்-ரோங் வாயைத் திறந்தாள். அதற்குள் கைகள் கட்டை எடுத்துவிட்டன.